புயலுக்கு அப்புறம் தென்னந்தோப்பில்
2018 நவம்பர் கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னைகள் சாய்ந்தது பாதிப் பிரச்சினைதான். மீதி, மட்கும் மரத்தில் முட்டையிடும் காண்டாமிருக வண்டு. தப்பித்த மரத்தின் குருத்தைக் குடைவது அதுதான். வேலி, வரப்பெல்லாம் அதற்குக் கிடையாது. பக்கத்துத் தோப்புக்காரரையும் சேர்த்துக்கொண்டு, அறுவை மெஷின், டிராக்டர் வாடகையைப் பங்கு போட்டு, விழுந்த மரங்களை அடிக்கட்டையோடு அகற்றுங்கள். எருக்குழியையும் கிளறிப் புழுக்களைப் பொறுக்கணும்.

இனக்கவர்ச்சிப் பொறி (வாசனையால் வண்டை இழுத்துப் பிடிப்பது) 5 ஏக்கருக்கு ஒன்று. தனியாளாக வைத்தால் அக்கம்பக்கத்து வண்டெல்லாம் உங்கள் தோப்புக்குத்தான் வரும். ('பொறி வச்சும் பிரயோஜனமில்ல' என்ற புலம்பல் பெரும்பாலும் இதனால்தான்.) வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு; கலந்து மரத்துக்கு 150 கிராம், குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் போடணும். மரமேற ஆள் கிடைப்பதுதான் பாடு. நாலு தோப்புக்குச் சேர்த்துப் பேசினால் வருவார்கள்.