மே மாதம் பூ, ஆடியில் இலை: ஏற்காட்டில் ஓரிலைத் தாமரை

சேர்வராயன் மலையில் தரையில் முளைக்கும் ஆர்க்கிடுகளைத் தேடிப் படமெடுத்து வைப்பது கொஞ்ச காலமாக என் பொழுதுபோக்கு. மரத்தில் தொற்றி வளரும் ஆர்க்கிடுகளுக்கு ஏற்காட்டில் தேசிய ஆர்க்கிடேரியமே இருக்கிறது, போய்ப் பார்த்துக்கொள்ளலாம். தரை ஆர்க்கிடு அப்படிக் கிடைக்காது, அது மண்ணைவிட்டு வெளியே வரும் வாரத்தில் நாம் அந்த மரத்தடியில் நின்றால்தான் உண்டு. அதிலும் நெர்விலியா என்ற தரை ஆர்க்கிடுப் பேரினம், மருந்துக்காரர்கள் ஓரிலைத் தாமரை என்பது, இன்னும் சிரமம். பூ வரும்போது இலை இருக்காது, இலை வரும்போது பூத்தண்டு போயிருக்கும். ஒரே இடத்தை இரண்டு பருவத்திலும் பார்த்தால்தான் எந்த நெர்விலியா இனம் என்று தைரியமாகச் சொல்ல முடியும். இந்த வருஷம் அது கைகூடியது.

மே மாதம், கோடை மழை நன்றாக நனைத்துவிட்டுப் போன பிறகு, முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்த ஒரு காபி எஸ்டேட்டில் ஓடையோரமாக நடந்தேன். சில்வர் ஓக் நிழல் முடிந்து நாவலும் கடுக்காயும் பழைய காட்டு மரங்களும் நெருக்கமாக நிற்கும் ஒரு துண்டு அங்கே மிச்சம் இருக்கிறது. மட்கிய சருகுக்கு நடுவே ஒரு சாண் உயரத்துக்கு ஒற்றைத் தண்டு. இலையே கிடையாது. தண்டில் அங்கங்கே உறை மாதிரி செதில்கள், மேலே ஐந்தாறு பூக்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. வெளிறிய பச்சை மஞ்சள் நிறம், சருகோடு சருகாக இருப்பதால் குனிந்து பார்க்காவிட்டால் தாண்டிப் போய்விடுவோம்.

இலையில்லாமல் பூப்பது யூலோபியா என்ற இன்னொரு தரை ஆர்க்கிடிலும் உண்டு, அதனால் முதலில் பூவின் அடிப்பக்கம் பார்த்தேன். யூலோபியாவுக்கு உதடு என்று சொல்லும் கீழ் இதழின் அடியில் சிறு வாலோ பையோ இருக்கும், இதில் அது இல்லை. பக்கவாட்டில் டார்ச் அடித்தபோது உதடு மூன்று மடலாகப் பிரிந்திருப்பதும், வெளிர் நிறத்தில் ஓடும் பச்சை நரம்புகளின்மேல் மெல்லிய முடிகள் இருப்பதும் தெளிவாகத் தெரிந்தது. அப்புறம் பூக்களின் எண்ணிக்கை. நெர்விலியா குரோசிபார்மிஸ் என்றால் தண்டுக்கு ஒரே பூ, பிளிகேட்டா என்றால் பெரும்பாலும் இரண்டு. ஐந்தாறு பூ என்றால் நெர்விலியா கன்கலர் பக்கம்தான் போகும். பழைய புத்தகங்களில் இதையே அரகோவானா என்று பார்ப்பீர்கள், அதற்கும் முந்தியவற்றில் போகோனியா பேரினத்தில் வைத்திருப்பார்கள், தேடும்போது மூன்று பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

இலையைப் பார்க்காமல் முடிவு சொல்ல எனக்கு மனசில்லை. அடர்ந்த மரங்களுக்கு அடியில் போன் காட்டும் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிப் போகும், குச்சி நட்டால் யாராவது தோண்டிப் பார்ப்பார்கள். அதனால் பக்கத்திலிருந்த பாறையை, அதன்மேல் படர்ந்திருந்த பாசித் திட்டுகளோடு, நான்கு பக்கமும் படமெடுத்து வைத்தேன். இந்த முறை நன்றாக வேலை செய்தது, எல்லோருக்கும் சொல்வேன்.

ஜூலை கடைசியில் அதே பாறையடியில் இலைகள் வந்திருந்தன. மண்ணிலிருந்து நேராக எழும் ஒரு காம்பு, அதன் நுனியில் ஒரே ஒரு இதய வடிவ இலை, என் உள்ளங்கையைவிடப் பெரியது. காம்பு சேருமிடத்திலிருந்து நரம்புகள் விசிறியாகப் பிரிய, அவற்றை ஒட்டி இலை முழுக்க மடிப்பு விழுந்திருந்தது. பிளிகேட்டாவின் இலை தரையை ஒட்டிக் கிடக்கும், ரோமத்தோடு ஊதா சாயலும் இருக்கும். இது உயர்ந்து நின்றது, சுத்தமான பச்சை. இளசான காட்டு வள்ளிக்கொடியும் முதலில் இப்படி ஓர் இதய இலை விடும், ஆனால் அதன் நரம்புகள் வலைபோல் பின்னியிருக்கும், கொஞ்ச நாளில் கொடி நீண்டுவிடும். ஆக, நெர்விலியா கன்கலர்தான். களை எடுக்க வந்த அக்கா ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஆடி பொறந்தாத்தான் இந்த எலை வரும் தம்பி, அடியில சின்னக் கெழங்கு கெடக்கும்" என்றார். அவருக்கு இது எப்போதோ தெரிந்த செடி.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓடைக்கு இந்தப் பக்கம், காட்டு மரங்களுக்கு அடியில், சருகு விரல் ஆழத்துக்கு மட்கி ஈரமாக இருக்கும் இடத்தில் மட்டும் இலைகள் இருந்தன. சில்வர் ஓக் வரிசைக்குள் ஒன்றுகூட இல்லை, உண்ணிச்செடி அடைத்த இடத்திலும் இல்லை. ஆர்க்கிடு விதை தூசு போன்றது, உள்ளே சேமித்த உணவு கிடையாது, மண்ணில் இருக்கும் பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். சருகை வாரி, மண்ணைக் கிளறி, மரத்தை மாற்றிய இடத்தில் அது திரும்ப வருவது லேசில்லை. அதனால்தான் இந்தத் துண்டுக் காடுகள் மேல் எனக்கு இவ்வளவு அக்கறை.

எந்த எஸ்டேட், நாகலூர் பக்கமா மஞ்சக்குட்டை பக்கமா என்றெல்லாம் எழுதப்போவதில்லை. கிழங்குக்காகத் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்களும் இணையத்தில் பதிவேற்றினால் இடத்தை மறைத்துப் போடுங்கள், படத்தில் அளவுக்கு ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள், செடியைப் பிடுங்கவே வேண்டாம்.

எஸ்டேட் மேலாளரிடம் இலைகளைக் காட்டினேன். அடுத்த வருஷப் பூவுக்கான உணவை இந்த ஒற்றை இலைதான் கிழங்கில் சேர்க்கிறது, அறுத்துவிட்டால் அவ்வளவுதான் என்றதும் அவருக்கு உடனே புரிந்தது. அந்த ஓடை வளைவில் மட்டும் இலை தானாகக் காயும்வரை களை வெட்ட வேண்டாம் என்று ஆட்களிடம் சொல்லியிருக்கிறார்.