அப்பாவின் அம்பாசடரும் ஒன்றரை ஓமும்

அப்பாவின் 1974 அம்பாசடர் இந்தக் கோடையில் மூன்று முறை நடுவழியில் நின்றுவிட்டது. கடைசியாக விழுப்புரம் தாண்டி, உச்சி வெயிலில். அரை மணி நேரம் ஆறவிட்டால் எதுவுமே நடக்காததுபோல் கிளம்பும். எல்லோரும் பெட்ரோல் பம்பைத்தான் சந்தேகித்தார்கள். நான் பெட்ரோலைப் பற்றவைக்கும் பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலைத் தொட்டேன், விரல் பொசுங்கிவிட்டது. காயில் சூடாவது இயல்புதான். ஆனால் இது அடுப்புச் சூடு.

நேற்று வண்டி ஆறியபின் காயிலின் கம்பிகளைக் கழற்றி, மல்டிமீட்டரால் அதன் முதன்மைச் சுற்றின் (பேட்டரி மின்சாரம் பாயும் கம்பிச்சுருள்) மின்தடையை அளந்தேன். 1.5 ஓம்! பாலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் தடை) இல்லாத 12 வோல்ட் வண்டிக்கு ஏறத்தாழ 3 ஓம் வேண்டும். ஓம் பாதியானால் பாயிண்ட் (காயிலுக்கான மின்சாரத்தை மாறி மாறி இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) மூடியிருக்கும்போது 4 ஆம்பியருக்குப் பதில் 8 ஆம்பியர் பாயும். எப்போதோ யாரோ கையில் கிடைத்ததை மாட்டியிருக்கிறார்கள். பாயிண்டும் கருகிப்போயிருந்தது, பாவம்.

3 ஓம் காயில் பொருத்திவிட்டேன். புதிய பாயிண்டின் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.015 அங்குலமாக்கினேன். அது குறைந்தால் பாயிண்ட் அதிக நேரம் மூடியே இருக்கும், காயிலுக்கு ஓய்வே கிடைக்காது.

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களே, ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். இன்ஜின் ஓடாதபோது சாவியை ‘ஆன்’ நிலையில் விட்டுவைக்காதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் வெந்துகொண்டே இருக்கும்.

இன்று நண்பகலில் திண்டிவனம் வரை நிற்காமல் போய்வந்தோம். அப்பா வழியெல்லாம் பேசவில்லை, இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தார்.