புகாரில் ஒரு சனி, ஞாயிறு

அப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். அரிசி அளக்கும்போது முதல் படியை ஒன்று என்று எண்ண மாட்டார், 'லாபம்' என்பார். அப்புறம்தான் இரண்டு, மூன்று. அவருடைய முதல் வருடத் திதி முடிந்து ஆடி அமாவாசை நெருங்கியபோது, தர்ப்பணத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று வீட்டில் பேச்சு வந்தது. ஆளுக்கு ஓர் ஊர் சொன்னோம். அம்மா மட்டும், "பூம்புகாருக்குப் போயிடுவோம் தம்பி, வியாபாரம் பண்ணுனவருக்கு அதுதான் ஊரு" என்றார். அதற்குமேல் யாரும் பேசவில்லை.

அந்த வருடம் ஆடிப்பெருக்கு சனிக்கிழமை, அமாவாசை மறுநாள் ஞாயிறு. இரண்டும் அடுத்தடுத்து அமைந்தது எங்களுக்கு உத்தரவு போலவே பட்டது. அம்மாவுக்கு ஒரே கவலைதான். "கடைமடை வரைக்கும் தண்ணி வந்திருக்குமா?" மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டிப் புகாரை எட்டப் பல நாள் பிடிக்கும். பஸ்ஸில் ஏறியும் அதையே கேட்டுக்கொண்டு வந்தார்.

மயிலாடுதுறையிலிருந்து மேலையூர், தர்மகுளம் வழியாகப் போகிறது பஸ். சனிக்கிழமை காலை சங்கமத்துக்கு வந்து சேர்ந்தபோது கூட்டம் நெரிந்தது. தண்ணீர் வந்திருந்தது. கரூர், முக்கொம்புப் பக்கம் அகண்ட காவிரியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே மனசு கொஞ்சம் திடுக்கிடும். அத்தனை ஒடுங்கிய ஆறு. தலைக்காவிரியில் பிறந்து சுமார் 800 கி.மீ. வந்தவள், கொள்ளிடத்துக்கு ஒரு பங்கு, கிளை ஆறுகளுக்கு ஒரு பங்கு, வழியில் கேட்ட வாய்க்காலுக்கெல்லாம் ஒரு பங்கு என்று கொடுத்து முடித்துவிட்டு, கையில் மிச்சமிருப்பதோடு கடலுக்குள் போகிறாள். புகார் என்றால் ஆறு கடலில் புகும் இடம். பெயரே அதுதான்.

புதுப்பெண்கள் வரிசையாக நின்று தாலிக்கயிறு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கல்யாண மாலையைப் பத்திரமாக வைத்திருந்து இன்று கொண்டுவந்து ஆற்றில் விடுவது வழக்கம். காதோலை, கருகமணி, மஞ்சள், காப்பரிசி எல்லாம் காவிரிக்கு. அம்மா தன் கையால் காப்பரிசி கலந்து கொண்டுவந்திருந்தார். ஆனால் கூட்டத்தை விட்டுத் தள்ளியே நின்றார். பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத பாட்டி ஒருவர் அவர் கையைப் பிடித்து, "நீயும் விடு ஆத்தா, காவேரி எல்லாருக்கும் தாய்தானே" என்று தண்ணீருக்கு அழைத்துப்போனார். அந்தப் பாட்டியை என்னால் மறக்க முடியாது.

இந்த ஒடுங்கிய வாய் வழியாகத்தான் கப்பல்கள் உள்ளே வந்திருக்கின்றன. பாயைக் களையாமல், பாரத்தையும் இறக்காமல் பெருங்கலங்கள் புகாருக்குள் புகுந்ததைப் புறநானூற்றின் 30ஆம் பாட்டு சொல்கிறது. அத்தனை ஆழம் இருந்திருக்கிறது. கடல்வழி வந்த குதிரை, மிளகு மூட்டை, கிழக்குக் கடல் பவளம், ஈழத்து உணவு என்று பட்டினப்பாலை அடுக்கிக்கொண்டே போகும். பண்டங்களுக்குச் சோழனின் புலி முத்திரை குத்திச் சுங்கம் வாங்கியதும் அதில் உண்டு. எனக்கு அதில் பிடித்தது இந்த ஊர் வணிகர்களைப் பற்றிய ஒரு வரி. 'கொள்வதூஉம் மிகை கொளாது, கொடுப்பதூஉம் குறை கொடாது.' வாங்கும்போது கூடுதலாக வாங்க மாட்டார்கள், கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்க மாட்டார்கள். அப்பா இந்தப் பாட்டைப் படித்தவரில்லை. படி தட்டாமல் கூம்பாக அளந்து போடுகிறவர்.

மதியம் கீழையூருக்குப் போய்ப் பழைய படகுத்துறையைப் பார்த்தோம். 1960களில் தொல்லியல் துறை தோண்டி எடுத்தது. செங்கல் கட்டடம். படகைக் கட்ட நட்ட மரத்தூண்களும் அங்கே கிடைத்தன. அவை இரண்டாயிரம் ஆண்டுக்கும் முந்தியவை. கடல் கொண்டது போக இவ்வளவு மிஞ்சியிருக்கிறது. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டார். அது கோயில் இல்லை என்று நான் சொல்லவில்லை, சொல்லத் தோன்றவும் இல்லை.

அங்கிருந்து பல்லவனேச்சுரம். பல்லவனேசுவரர், சௌந்தரநாயகி. ஞானசம்பந்தர் பாடிய தலம், பட்டினத்தார் பிறந்த ஊரின் கோயில். பட்டினத்தாருக்குத் திருவெண்காட்டு ஈசன் பெயரையே வைத்து, திருவெண்காடர் என்று அழைத்தார்கள். கப்பல் வணிகத்தில் பெருஞ்செல்வர். பிள்ளையாக வந்து வளர்ந்த மருதவாணர் கடல் கடந்து வணிகம் செய்துவிட்டு வந்து வைத்துப்போனது ஓர் ஓலையும் காதில்லாத ஊசியும்தான். 'காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே.' சின்ன வயதிலிருந்து கேட்ட வரிதான். ஆனால் அப்பாவின் கடைச் சாவி என் சட்டைப்பையில் கிடக்க, அந்தச் சந்நிதியில் நின்று அதை நினைத்தபோது தொண்டை அடைத்துக்கொண்டது. போன அன்று காலைகூட அந்தச் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

மாலையில் சாயாவனம். தேவாரத்தில் திருச்சாய்க்காடு. சாய் என்றால் கோரை, கோரை மண்டிய காடு. யானை ஏற முடியாதபடி கோச்செங்கட் சோழன் உயர்த்திக் கட்டிய மாடக்கோயில். அம்பிகையின் பெயர் குயிலினும் நன்மொழியம்மை. இந்தப் பெயரை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள், அர்ச்சனையே அதில் முடிந்துவிடும். முருகன் இங்கே வேலோடு மட்டும் இல்லை, வில்லேந்தி நிற்கிறார். அவர் முகத்தைவிட்டுக் கண் எடுக்க எனக்கு நேரம் ஆயிற்று.

இயற்பகை நாயனாரும் புகார் வணிகர்தான். இல்லை என்று சொல்லாதவர். அடியவர் வேடத்தில் வந்த இறைவன் மனைவியையே கேட்க, தடுக்க வந்த சுற்றத்தாரோடு போரிட்டு, இந்தச் சாய்க்காடு வரை காவலாக வந்து வழியனுப்பியவர். திரும்பிப் போனவரை 'ஓலம்' என்று இறைவன் கூவி அழைத்தது இங்கேதான். கேட்கச் சுலபமான கதை இல்லை இது. பிரகாரத்தில் உட்கார்ந்து அம்மாவிடம் அதைச் சொன்னேன். "அந்தம்மா மனசு என்ன பாடு பட்டிருக்கும்?" என்றார். சேக்கிழாரும் அதை விடவில்லை, அந்த அம்மையார் கலங்கிப் பிறகு தெளிந்தார் என்றுதான் எழுதியிருக்கிறார். அதைச் சொன்னதும் அம்மா கொஞ்ச நேரம் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கலங்கினாங்கன்னு எழுதுனாரே, அது போதும்" என்றார்.

ஞாயிறு விடியும் முன்பே கடற்கரை நிறைந்துவிட்டது. மணலில் வரிசை வரிசையாக உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தார்கள். புரோகிதர் அப்பா பெயர் கேட்டார், சொன்னேன். தாத்தா பெயர், சொன்னேன். கொள்ளுத்தாத்தா பெயர் கேட்டபோது விழித்தேன். பின்னால் நின்ற அம்மாதான் அந்தப் பெயரை எடுத்துக்கொடுத்தார். இன்னொரு வீட்டிலிருந்து வந்தவர், இந்த வீட்டின் மூன்று தலைமுறையை நினைவில் வைத்திருக்கிறார். பிண்டத்தை ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் விட்டு மூழ்கினேன். ஒரு வாய்த் தண்ணீர் பாதி இனிப்பும் பாதி உப்புமாக இருந்தது. 2004 சுனாமியில் இந்தக் கரையில் போனவர்களுக்காகவும் ஒரு கை நீர் விட்டேன். அவர்களுக்கு யார் இருக்கிறார்களோ, இல்லையோ.

பிற்பகல் திருவெண்காடு. இதைச் சாயாவனத்தோடு சேர்த்து, காசிக்கு நிகரான ஆறு தலங்களில் வைத்துச் சொல்வார்கள். சுவேதாரண்யேசுவரர், பிரம்மவித்யாம்பிகை. அக்கினி, சூரிய, சந்திர தீர்த்தங்கள் என்று மூன்று குளம். இதில் மூழ்கி வழிபட்ட அச்சுதக் களப்பாளருக்குப் பிறந்தவர்தான் சைவ சித்தாந்தம் தந்த மெய்கண்டார். சோமகுண்டம், சூரியகுண்டத்தில் மூழ்கினால் பிரிந்த கணவன் சேருவான் என்று சிலப்பதிகாரத்தில் தோழி தேவந்தி கண்ணகியிடம் சொன்னதும் இந்தக் குளங்களைத்தான் என்பார்கள். கண்ணகி 'பீடு அன்று' என்று மறுத்துவிட்டாள். அம்மா மூன்று குளத்திலும் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார், எதையும் வேண்டிக்கொண்டதாகத் தெரியவில்லை.

1011இல், ராஜராஜன் காலத்தில், இந்தக் கோயிலுக்குச் செய்த ரிஷபவாகன தேவர் இப்போது தஞ்சாவூர் கலைக்கூடத்தில் இருக்கிறார். காளை இல்லை, காளைமேல் சாய்ந்த கை மட்டும் அப்படியே இருக்கிறது. இங்கே நிற்கும்போது அந்தக் கை நினைவுக்கு வராமல் போகாது. தஞ்சை போகிறவர்கள் அவசியம் பாருங்கள்.

இந்தக் கோயிலில் புதன் கிரகத்துக்கு வைக்கக் கடையிலிருந்தே பச்சைப்பயறு கொண்டுவந்திருந்தோம். தட்டில் எடுத்துவைக்கும்போது அம்மா முதல் கையை அள்ளி, "லாபம்" என்றார். சத்தமாகத்தான் சொன்னார். குருக்கள் நிமிர்ந்து பார்த்து, ஒன்றும் கேட்காமல் தட்டை வாங்கிக்கொண்டார்.

ஞாயிறு இரவு அகோரமூர்த்திக்குப் பூஜை. மருத்துவாசுரனை அடக்க எடுத்த கோலம், ஒரு கால் முன்வைத்து நடக்கப்போகிறவர் போல நிற்கிறார். பயப்படும்படியான மூர்த்தி என்று கேட்டிருந்தேன். தீபம் முகத்துக்கு உயர்ந்தபோது எனக்குப் பயம் வரவில்லை. கடை மூடிவிட்டு ராத்திரி வீட்டுக்கு வரும் அப்பாவின் நடைச்சத்தம் கேட்டால் வருமே, அந்தத் தெம்புதான் வந்தது.

கிளம்பும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. பஸ் கிடைக்காமல் கார் பிடித்தோம். அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். மயிலாடுதுறை விளக்குகள் தெரிந்தபோது கண் திறக்காமலே கேட்டார்.

"ஆத்துல தண்ணி ஓடுச்சுல்ல தம்பி?"

"ஓடுச்சும்மா."