காலடியில் கிடந்த நிழல்

ரொறன்ரோவுக்கு வந்த முதல் டிசம்பரில் என்னைக் குழப்பியது குளிர் இல்லை, நிழல். யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலில் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். இங்கே பன்னிரண்டு மணிக்கும் என் நிழல் பக்கத்து வீட்டு வாசல்வரை நீண்டு கிடந்தது. சூரியன் உச்சிக்கு ஏறுவதே இல்லை, ஐந்து மணிக்கு முன்னமே போய்விடுகிறது. அதைவிட, பனியில் விழுந்த அந்த நிழல் நீலமாக இருந்தது. வெள்ளை உடுப்புக்கு நீலம் கரைத்த வாளித் தண்ணீரின் நிறம். வெயில் படாத இடத்தில் வானத்தின் வெளிச்சம் மட்டும் விழுவதால் வரும் நீலம் அது என்பது பிறகுதான் விளங்கியது. அன்றைக்கு யாரிடமாவது சொல்லவேணும் போலிருந்தது. இரவு வேலை முடித்து வந்து சோறு குழைத்துக்கொண்டிருந்த இவரிடம் சொன்னேன். "நீர் முதல்ல சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிய போம்" என்றார். சரி, அவருக்கு நித்திரை.

நான் படம் கீறப் பழகியது யாழ்ப்பாணத்தில், யுத்தத்தோடு வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில். கரண்ட் இல்லை, ஜாம் போத்தல் விளக்குத்தான். வோட்டர் கலர் பெட்டி ஒன்று கண்ணில் பட்டாலும் விலை கேட்கப் பயம். எங்களுக்குப் படம் படிப்பித்த சேர் விளக்குக் கரியைச் சுரண்டி எடுப்பார். வளவுச் செம்மண்ணை வெள்ளைத் துணியில் அரித்து, வேப்பம் பிசின் கரைத்த தண்ணீரில் குழைத்தால் நல்ல காவி வரும். மஞ்சள் தூளும் போட்டுப் பார்த்தோம். பூசின அன்று தகதகக்கும், யன்னலோரம் வைத்தால் கொஞ்ச நாளில் வெளிறிப் போகும். 1995 ஒக்ரோபர் 30 இரவு, ஆமி நெருங்கிவர, யாழ்ப்பாணத்து வலிகாமப் பகுதிச் சனமே ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது சைக்கிளில் அரிசிக்கும் அம்மம்மாவுக்கும்தான் இடம் இருந்தது. என் கொப்பிகள் வீட்டோடு போயின. யாழ்ப்பாணத்தின் பெயர்பெற்ற ஓவியர் மாற்கு மாஸ்டரின் ஓவியங்களே அந்த இடப்பெயர்வில் பல தொலைந்தன. அப்படியிருக்கப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கொப்பிக்கு யார் அழுவது?

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் இருந்தது மச்சாள் வீட்டு பேஸ்மென்றில். கைக்காசில் ஒயில் பெயின்ற் வாங்கி, ரேர்ப்பன்ரைன் போத்தலைத் திறந்து பத்து நிமிஷம் இராது, மேலிருந்து மச்சாளின் குரல்: "என்ன பிள்ளை, மண்ணெண்ணெய் மணக்குது? ஆமி வந்திட்டானோ?" பகிடிதான். ஆனால் இறங்கி வந்தவ வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸைக் காட்டி, "இதுக்குப் பக்கத்தில உதைத் திறக்காதை" என்றா. அவ சொன்னது சரி. அதோடு அக்ரிலிக்குக்கு மாறினேன். அதில் வேறு கரைச்சல். ஹீற்றர் காற்றில் தட்டிலேயே பெயின்ற் தோல் பிடித்துவிடும். ஈரத் துணி விரித்து அதன்மேல் எண்ணெய்த்தாள் போட்டுக் குழைக்கப் பழக ஒரு மாரி போனது.

முதல் காசு தந்தது, மகள் பெரியபிள்ளையானதற்குச் சடங்கு வைத்த ஒரு சாமத்தியவீட்டுக்காரர். மணவறைக்குப் பின்னால் நிற்க நல்லூர்க் கோபுரமும் சிவப்பு வெள்ளை மதிலும் வேணுமாம், பன்னிரண்டு அடி அகலத்தில். கலை என்று சொல்லக் கூச்சம், காசை வேண்டாம் என்று சொல்ல அதைவிடக் கூச்சம். ஆனால் அந்த மதிலைக் கீறும்போது, காவிக்கு எவ்வளவு கறுப்புச் சேர்க்கவேணும் என்பது கைக்கு நினைவிருந்தது. அப்புறம் மூன்று சாமத்தியவீடு, ஒரு அறுபதாம் கலியாணம்.

ஒரு முறை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வெளிக்கிட்டேன். ஏன் படம் கீறுகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதவேணும். தமிழிலேயே எனக்குப் பதில் தெரியாத கேள்வி. இங்கே பிறந்த மருமகள் பக்கத்தில் இருந்து, நான் சொல்லச் சொல்ல இங்கிலிஷில் ரைப் பண்ணினாள். விளக்குக் கரிக் கதைக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். "மாமி, இது உண்மையா?" என்றாள். தொகை கிடைக்கவில்லை. ஆனால் அவள் அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் கீழே இறங்கி வந்து, என் பழைய பிரஷ்களைக் கழுவித் தருகிறாள், கேட்காமலே.

பக்கத்து நூலகத்தில் வியாழன்தோறும் படம் கீறுகிற கிழவிகள் கூட்டம் ஒன்று. அதில் ஒரு சீனத்து அம்மாவும் நானும் பேச எங்களுக்கு ஒரு பொதுப் பாஷை இல்லை. என் படத்தைத் தலைகீழாகத் திருப்பிவைத்து, பாரம் கூடின மூலையை விரலால் தொட்டுக் காட்டுவா. எந்த நாளும் சரியாகவே தொட்டா. எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும்.

போன மாரி, மச்சாள் வாசலில் பனி வழிப்பதைக் கீறினேன். யாழ்ப்பாணத்துச் சேருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். "நிழல் நல்லாயிருக்கு, ஆள் நொண்டுறா" என்று பதில் வந்தது. மச்சாள் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றா.

"எனக்கேன் நீலக் கால்?"

"அது நிழல் மச்சாள்."

அவ ஒன்றும் சொல்லாமல் மேலே போனா. கொஞ்ச நேரத்தில் பழைய கட்டில் விரிப்பு இரண்டோடு இறங்கி வந்தா. "துணிக்குக் காசு குடுக்கிறியாமே. இதைக் கிழிச்சுச் சட்டத்தில அடி. பூப்போட்டதை மட்டும் விட்டிடு, அது அம்மா தந்தது."