வெறும் வயிறு மட்டும் போதாது: பெட் ஸ்கேனுக்காக இரண்டு முறை மலையிறங்கினோம்

அம்மாவுக்குப் பெட் ஸ்கேன் (PET, உடம்பில் புற்று எங்கே இருக்கிறது என்று காட்டும் படம்) எடுத்து நாலு நாளாகிவிட்டது. அந்த ஸ்கேன் சென்டர் கவுன்ட்டரை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. நாள் குறித்துக் கொடுத்தபோது அங்கே சொன்னது இவ்வளவுதான்: "காலையில வெறும் வயித்தோட வந்துடுங்க."

வந்தோம். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு விடியற்காலை பஸ், 20 கொண்டை ஊசி வளைவு, அம்மாவுக்கு இரண்டு முறை குமட்டல். முந்தின இரவு சாப்பாடு ஒரு கல்யாணப் பந்தியில், கேசரியோடு. வெறும் வயிறு என்றால் மாத்திரையும் கூடாது என்று அம்மாவாகவே முடிவு செய்து சர்க்கரை மாத்திரையையும் விட்டிருந்தார். விரலில் குத்திப் பார்த்தால் 246. "இருநூறுக்கு மேல போனா எடுக்க மாட்டோம், இன்னொரு நாள் வாங்க."

இன்சுலின் போட்டுக் குறைத்துவிடலாமே என்று கேட்டேன். கவுன்ட்டரில் பதில் இல்லை. உள்ளேயிருந்து வந்த டெக்னீஷியன் தம்பிதான் நின்று விளக்கினார். ஊசியில் ஏற்றுவது கதிரியக்கம் சேர்த்த ஒருவகைச் சர்க்கரை. புற்று செல்கள் சர்க்கரையை அதிகமாக இழுக்கும் என்பதால் அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரியும். ரத்தத்தில் ஏற்கெனவே சர்க்கரை எகிறியிருந்தால் மருந்து சரியாகப் போய்ச் சேராது. அதற்காக அப்போதே இன்சுலின் போட்டால் மருந்து தசைக்குள் போய்விடும், படம் கெட்டது. சரி, மருந்தை நாளைக்கு எடுத்து வைக்கலாமா என்றால் அதுவும் முடியாது. 110 நிமிடத்துக்கு ஒருமுறை வீரியம் பாதியாகிவிடுமாம்.

இதை ஒரு துண்டுச் சீட்டில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரையை, இன்சுலினை எப்போது எடுப்பது, எதை நிறுத்துவது என்று டாக்டரிடமும் சென்டரிலும் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். மெட்ஃபார்மின் என்றால் பெயரைச் சொல்லியே கேளுங்கள். சில இடங்களில் 2 நாள் முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள். பச்சைத் தண்ணீர் குடிக்கலாம். முந்தின நாள் உடம்பை வருத்தும் வேலை கூடாது. அம்மாவின் காப்பிச் செடிக் கவாத்துக்கும் அன்றைக்கு லீவு.

மறுவாரம் முந்தின இரவே அஸ்தம்பட்டியில் அக்கா வீட்டில் தங்கிவிட்டோம். குளிரில் நடுங்கினால் கழுத்துப் பக்கம் உள்ள ஒருவகைக் கொழுப்பும் மருந்தை இழுத்துக்கொள்ளுமாம்; மலைக் குளிரில் விடியலில் இறங்கி வருவது அதற்கும் ஆகாது. ஏ.சி. அறைக்கு ஸ்வெட்டரும் எடுத்துக்கொண்டோம். சர்க்கரை 138. அப்பாடா.

ஊசி போட நர்ஸ் இடது கையைப் பிடித்தார். அம்மா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "அந்தப் பக்கந்தாங்க மார்ல ஆபரேஷன் பண்ணினது. வலது கையில போடுங்க." ஃபைல் முழுக்கப் படித்த எனக்கு அது தோன்றவேயில்லை.

ஊசிக்குப் பிறகு ஒரு மணி நேரம் தனியறையில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பேச்சு கூடாது, எதையும் மெல்லக் கூடாது. தசை வேலை செய்தால் மருந்து அங்கே போகும். ஐந்தே நிமிடத்தில் என் செல் அடித்தது. "பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கடா, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்." போனை முதலிலேயே வாங்கி வைத்திருக்க வேண்டும்.

ஸ்கேன் இருபது நிமிடம், வலியில்லை. பழைய ஸ்கேன் சி.டி.யை அவர்கள் கேட்பதற்கு முன்பே கவுன்ட்டரில் வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். ஆத்தூரிலிருந்து வந்த ஒருவர் அதற்காகவே வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார். ரிப்போர்ட்டை வெள்ளிக்கிழமை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அன்றைக்கு முழுக்க நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்கச் சொன்னார்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் பக்கம் போகக் கூடாது. அக்கா மகளுக்கு ஏழாம் மாதம். அதனால் திரும்பும் வழியில் அம்மா காரைவிட்டு இறங்கவில்லை. அவள் வாசலில் நின்று கையாட்டினாள். அக்கா மட்டும் தெருவைத் தாண்டி வந்து தட்டுவடை செட் பொட்டலத்தை ஜன்னல் வழியே நீட்டினாள். கோரிமேடு தாண்டுவதற்குள் பொட்டலம் காலி.