டாக்கோ பெல்காரர் எட்டிப் பார்த்த அடுப்படி

லாஸ் ஏஞ்சலிஸ் யூனியன் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சான் பெர்னார்டினோ போய்ச் சேர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகிறது. வடக்கே மலை, மற்ற பக்கமெல்லாம் வெயில். ஊர் சுற்ற வருகிறவர்கள் இங்கே இறங்குவது அபூர்வம். "டாக்கோ தின்னவா இவ்வளவு தூரம்?" என்று அத்தை மகன் வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான். "சாப்பிட்டுட்டுப் பேசு மச்சான்" என்று சொல்லி வைத்தேன்.

இந்த ஊரை வளர்த்தது சாண்டா ஃபே ரயில்வே. பணிமனையில் வேலைக்கு வந்த மெக்சிகோக்காரர்கள் ஊரின் மேற்குப் பக்கத்தில் குடியேறினார்கள். மவுண்ட் வெர்னான் அவென்யூதான் அவர்களுடைய கடைத்தெரு. பழைய ரூட் 66 நெடுஞ்சாலையும் இந்த வழியாகத்தான் போனது. அந்தத் தெருவில் 1937இல் லூசியா ரோட்ரிகஸ் என்ற பெண்மணி குடும்பத்தோடு தொடங்கியது மிட்லா கஃபே. இன்றும் அதே குடும்பம்தான் நடத்துகிறது.

நான் கேட்டது சாதாரண மாட்டுக்கறி டாக்கோ. டார்ட்டியா என்கிற மெல்லிய மக்காச்சோள ரொட்டிக்குள் கொத்துக்கறியை வைத்து மடித்து, கறியோடு சேர்த்தே எண்ணெயில் பொரிக்கிறார்கள். அதனால் ஓரம் மொறுமொறுப்பாகவும், கறியை ஒட்டிய இடம் சாறு ஊறி மெத்தென்றும் இருக்கிறது. மேலே லெட்டூஸ், தக்காளி, அப்புறம் ஒரு குன்று மாதிரித் துருவிய செடார் சீஸ். மெக்சிகோ நகரத்துத் தெருக்கடை டாக்கோவைத் தேடி வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கலிஃபோர்னியாவில் பிழைக்க வந்த குடும்பங்கள், இங்கே கிடைத்த சாமான்களை வைத்து உண்டாக்கிய சமையல் இது. இதற்கென்று ஒரு வரலாறு இருக்கிறது.

எதிர்ச்சாரியில் க்ளென் பெல் என்பவர் ஹாட்டாக், ஹாம்பர்கர் விற்றுக்கொண்டிருந்தார். மிட்லாவில் கூட்டம் நிற்பதைப் பார்த்து, கடையை மூடிய பிறகு இங்கே வந்து டாக்கோ சாப்பிடுவார். வீட்டுக்குப் போய் அதே மாதிரி செய்து பார்ப்பார். சரிப்பட்டு வரவில்லை. பழகிப்போனதும் குடும்பத்தார் அவரை அடுப்படிக்கே அழைத்துக் காட்டியிருக்கிறார்கள். அவர் கண்ட வழி, கறி வைக்காமல் வெறும் டார்ட்டியாவை மடித்து முதலிலேயே பொரித்து அடுக்கிவைத்துக்கொண்டு, ஆள் வந்ததும் நிரப்பிக் கொடுப்பது. நேரம் மிச்சமானது, அந்த மெத்தென்ற பாகம் போய்விட்டது. 1962இல் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்து டௌனியில் அவர் திறந்த கடைதான், இன்று பல நாடுகளில் கிளைகளோடு இருக்கும் டாக்கோ பெல் துரித உணவுக் கடைகளில் முதலாவது. அந்தப் பெயர் 2010இல் பெங்களூருக்கே வந்து சேர்ந்தது.

இதைத் திருட்டு என்று கொதிக்கிறவர்கள் உண்டு. குடும்பத்தார் பேட்டிகளில் கோபமில்லாமல்தான் சொல்கிறார்கள். எனக்கென்னவோ, மிட்லாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் பெல்லிலேயே நின்றுவிடுவதுதான் உறுத்துகிறது.

இந்த மேசைகளைச் சுற்றி வேறொரு காரியமும் நடந்திருக்கிறது. 1940களில் ஊர்ப் பூங்காவில் இருந்த நீச்சல் குளத்தில் மெக்சிகோ வம்சாவளியினர் நினைத்த நாளில் இறங்க முடியாது. குளத்தைச் சுத்தம் செய்வதற்கு முந்தின நாள் மட்டும்தான் அனுமதி. அதை எதிர்த்துக் கிளம்பிய மெக்சிகோ வம்சாவளியினரின் உரிமைப் பாதுகாப்புக் குழு மிட்லாவில்தான் கூடியது. 'எல் எஸ்பெக்தடோர்' பத்திரிகையை நடத்திய இக்னாசியோ லோபஸ் முன்னின்றார். வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது, 1944இல் ஜெயித்தார்கள். வாதாடிய டேவிட் மார்கஸ்தான் பிறகு மெண்டெஸ் வழக்கையும் நடத்தினார். மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகளைத் தனிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் வழக்கத்தை உடைத்த 1947 தீர்ப்பு அந்த வழக்கில் வந்ததுதான். மிட்லா தங்கள் ஆட்களின் காசில் ஓடுகிற கடை. கூட்டம் போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், ஆனால் கோடையில் வேண்டாம். திறக்கும் நாளைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். மாட்டுக்கறி ஆகாதென்றால் சீலே ரெயேனோ கேளுங்கள்: பெரிய பச்சை மிளகாயில் சீஸ் அடைத்து, முட்டையில் தோய்த்துப் பொரிப்பது. பார்த்தால்தான் பயம், காரம் அதிகமில்லை. மச்சான் தன்னுடையதை முடித்துவிட்டு என் தட்டிலிருந்ததையும் பாதி எடுத்துக்கொண்டான். முட்டையும் ஆகாதவர்கள் சோறும் பீன்ஸும் கேட்கலாம். அந்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.