படம் சொல்வதும் திசு சொல்வதும்

மூளைக் கட்டியின் எம்ஆர்ஐ படங்களையும் அதே கட்டியின் மரபணுப் பரிசோதனை முடிவையும் அருகருகே வைத்துப் பார்ப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. ரேடியோஜீனோமிக்ஸ் என்பார்கள். இத்தனை வருடத்தில் எனக்கு அலுக்காத அடையாளம் ஒன்று உண்டு: டி2-ஃப்ளேர் மிஸ்மேட்ச். டி2, ஃப்ளேர் இரண்டும் எம்ஆர்ஐயில் எடுக்கும் இரு வகைப் படங்கள்; அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாததுதான் மிஸ்மேட்ச்.

டி2 படத்தில் கட்டி முழுக்க ஒரே சீராக வெளுத்திருக்கும். ஃப்ளேரில் உள்பகுதி கறுத்துப்போய், ஓரத்தில் மட்டும் வெள்ளை வளையம் நிற்கும். 2017-ல் வெளியான ஆய்வில், இந்த அடையாளம் தெரிந்த தாழ்நிலை கிளையோமாக்கள் (மெதுவாக வளரும் மூளைக் கட்டிகள்) அத்தனையும் ஐடிஹெச் என்ற மரபணுவில் மாற்றம் கொண்ட, 1பி, 19க்யூ என்ற குரோமோசோம் பகுதிகளைச் சேர்ந்து இழக்காத ஆஸ்ட்ரோசைட்டோமா வகைக் கட்டிகளாக இருந்தன. திசுவுக்குள் நீர் நிறைந்த நுண்ணிய பைகள் இருப்பதே காரணம் என்று கருதப்படுகிறது. ஃப்ளேர் நீரின் ஒளியை அடக்கிவிடும் இல்லையா, அதனால்தான் அந்தக் கறுப்பு.

ஆனால் இதைக் கண்டிப்பாகப் படிக்க வேண்டும். கொஞ்சம் மங்கினாலே மிஸ்மேட்ச் என்று எழுதிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். சாதாரண நீர்க்கட்டியும் அறுவை செய்த குழியும் கணக்கில் வராது. குழந்தைகளின் சில கட்டிகளிலும் இதே தோற்றம் வரும் என்று பிறகு தெரிந்தது. அடையாளம் இல்லை என்பதால் மரபணு மாற்றம் இல்லை என்றும் சொல்ல முடியாது.

எல்லா மரபணு விவரமும் இப்படிப் படத்தில் எட்டிப்பார்ப்பதில்லை. கிளையோபிளாஸ்டோமா என்ற வீரியமான மூளைக் கட்டியில் எம்ஜிஎம்டி மெத்திலேஷனை (எம்ஜிஎம்டி மரபணுவை அடக்கிவைக்கும் வேதி மாற்றத்தை) எம்ஆர்ஐயிலிருந்து கணிக்க 2021-ல் உலக அளவில் ஒரு போட்டி நடந்தது. முதலிடம் பெற்ற கணினி மாடலின் ஏயூசி, அதாவது சரியாகப் பிரித்தறியும் திறனின் மதிப்பெண், சுமார் 0.62; பிழையே இல்லாவிட்டால் அது 1. குருட்டாம்போக்கில் சொன்னாலே 0.5 வந்துவிடும். இந்த முடிவை நான் மதிக்கிறேன். அப்புறம், ஒரு மாடல் ரொம்ப நல்ல மதிப்பெண் காட்டினால் நான் முதலில் கேட்பது, படங்கள் எந்தெந்த ஸ்கேனரில் எடுத்தவை என்பதைத்தான். கட்டிக்குப் பதிலாக ஸ்கேனரின் சாயலைக் கற்றுக்கொண்ட மாடல், இடம் மாறினால் விழுந்துவிடும்.

திசுப் பரிசோதனை இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஊசி எடுப்பது ஒரு துணுக்கு. படம் முழுக் கட்டியையும் காட்டுகிறது. இன்னொரு காரணமும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். ஐடிஹெச் மாற்றத்தைத் தேட வழக்கமாக முதலில் செய்யும் திசுச் சாயச் சோதனை, ஆர்132ஹெச் என்ற ஒரே வகையை மட்டும் பிடிக்கும். பெரும்பாலான மாற்றங்கள் அந்த வகைதான் என்றாலும் எல்லாம் அல்ல. படத்தில் மிஸ்மேட்ச் பளிச்சென்று இருந்து, சாயச் சோதனை நெகட்டிவ் என்று வந்தால், நோயியல் மருத்துவரைக் கூப்பிட்டு மரபணு வரிசையைப் படித்துப் பார்க்கச் சொல்லிக் கேட்கிறேன். 2024-ல் ஐடிஹெச் மாற்றம் கொண்ட, தீவிரத்தில் இரண்டாம் தரக் கிளையோமாவுக்கென, அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் வோராசிடெனிப் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தபின், அந்த அழைப்பைத் தள்ளிப்போட எனக்கு மனம் வருவதில்லை.